அம்மாவின் 'பரீட்சைப் பூ'வைத் தேடி... உடுமலை டு மூணாறு, ஒரு மார்ச் மாதக் கார் பயணம்!

போன வருஷக் கோடைக்கு டெஸ்க்கில் எனக்கு வந்த வேலை, 'பூக்கள் பார்க்கப் போக வேண்டிய 5 சாலைகள்'. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஊதாப் பூக்கள் கூரை போட்டது போல இருந்த ஒரு தெருவின் படத்தைத் தேடி வைத்து, 'மூணாறில் ஜக்கரண்டா' என்று கேப்ஷனும் போட்டு அனுப்பிவிட்டேன். ராத்திரி திருப்பூரிலிருந்து அம்மா போன் பண்ணினார்.

"இது நீ எழுதினதா? படத்துல தேயிலையே காணோமே. ரோடு வேற இம்புட்டு அகலமா இருக்கு. இது எங்க மலை இல்லடி."

தேடிப் பார்த்தால் அது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 'ஜக்கரண்டா நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர் உண்டு. அங்கே பூப்பது அக்டோபர், நவம்பரில். அவசர அவசரமாகப் படத்தை மாற்றினேன். வேறு எந்த வாசகரும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா கண்டுபிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்ததே மூணாறு - மறையூர் சாலையோரத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில்தான்.

ஆச்சியும் தாத்தாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள். ஆச்சி கொழுந்து எடுத்தார், தாத்தா ஃபேக்டரியில் இருந்தார். அம்மா 1996-ல் கல்யாணமாகி திருப்பூருக்கு வந்தார். 2006-ல் ஆச்சிக்கு ரிட்டயர்மென்ட். வீட்டில் வேறு யாரும் எஸ்டேட்டில் வேலை பார்க்கவில்லை என்றால் லயத்தைக் காலி செய்தாக வேண்டும். செய்தார்கள். அதோடு மலையில் எங்களுக்கென்று ஒரு வீடு இல்லாமல் போனது.

சின்ன வயதில் நான் லீவுக்கு அங்கே போயிருக்கிறேன். ஆனால் ஊதா நிறத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. பச்சை, மழை, கம்பளி, ஆச்சி போடும் கடுங்காப்பி... அவ்வளவுதான். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. எங்களுக்கு லீவு மே மாதம். ஜக்கரண்டா பூப்பது மார்ச்சில்.

"நாங்க அதை பரீட்சைப் பூன்னுதான் சொல்லுவோம். பூ பூத்துருச்சுன்னா எஸ்.எஸ்.எல்.சி பரீட்சை வந்துருச்சுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியெல்லாம் கொட்டிக் கிடக்கும். மிதிச்சுட்டுப் போனா மார்க் குறையும்னு சொல்லி ஓரமா நடப்போம்" என்றார் அம்மா. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணம், நான், தம்பி. என் பத்தாவது, என் பிளஸ் டூ, தம்பியின் பத்தாவது, அவன் பிளஸ் டூ. ஒவ்வொரு மார்ச்சும் வீட்டில் யாராவது ஒருவருக்குப் பரீட்சை. நடுவில் பனியன் கம்பெனி ஷிஃப்ட். பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரின் பூவை அவர் முப்பது வருஷமாகப் பார்க்கவில்லை. தம்பி இப்போது காலேஜில். இனி சாக்கு இல்லை. இந்த மார்ச்சில் போவது என்று முடிவு செய்தேன்.

தேதியைப் பூதான் சொல்லணும்

டூர் பிளான் என்றால் நாம் முதலில் காலண்டரில் லீவைத் தேடுவோம். பூ பார்க்கப் போகிறவர்கள் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மூணாறு மலைகளில் ஜக்கரண்டா பூப்பது பொதுவாக பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை. உச்சம் மார்ச்சில். அந்த வருஷத்து வெயிலையும் மழையையும் பொறுத்து முன்னே பின்னே ஆகும். மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது கிளை முழுக்கப் பூ வரும். அதனால்தான் தூரத்திலிருந்து மரமே ஊதாவாகத் தெரிகிறது. ஒரு நல்ல கோடை மழை பெய்தால் முக்கால்வாசி தரைக்கு வந்துவிடும்.

சமூக வலைதளத்தில் வரும் படங்களை நம்பித் தேதி குறிக்காதீர்கள். போன வருஷப் படத்தை 'இன்று காலை' என்று போடுகிறவர்கள் நிறைய. (நானே பிரிட்டோரியாவை மூணாறு ஆக்கியவள்தானே!) அந்த ஊரில் இருக்கும் ஒருவரிடம் கேட்பதுதான் சரி. தங்கப்போகும் விடுதியில் கேட்டு, அன்றைக்கு எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லலாம். அம்மாவுக்குக் கூடப் படித்த தோழி ஒருவர் இன்னும் அங்கே எஸ்டேட்டில் இருக்கிறார். அவரிடம் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பூத்துருச்சா?"

"கீழ மரம் நல்லா இருக்கு. மேல இப்பதான் விரியுது. அடுத்த சனி, ஞாயிறு வந்துரு. அதுக்கப்புறம் நான் சொல்ல மாட்டேன்."

இதைவிடத் துல்லியமான தகவல் எந்த ஆப்பிலும் கிடைக்காது. வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறினேன்.

இன்னொரு விஷயம். இதைக் குறிஞ்சி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. நீலக்குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. 12 வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல். ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது. மலையாளத்தில் நீலவாகை என்கிறார்கள். இலை வாகை மாதிரியே பொடிப்பொடியாக இருக்கும். இது வருஷா வருஷம் பூக்கும், அதனால் ஒரு மார்ச்சைத் தவறவிட்டாலும் அடுத்த மார்ச் உண்டு.

ஆச்சி வர மாட்டேன் என்றார்

பிளானில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஆச்சிதான். "முப்பது வருஷத்துக்கு மேல ஏறி இறங்குன மலை. அதைக் காசு குடுத்து வேற பாக்கணுமாக்கும்?" என்றார். முழங்கால் வலி, கார் வளைவில் குமட்டும், மாத்திரை மறந்துபோகும் என்று காரணம் அடுக்கினார். கடைசியில் அப்பாதான், "மறையூர் வெல்லம் வாங்கித் தாரேன், வாங்க அத்தை" என்று சம்மதிக்க வைத்தார். மறையூர் வெல்லம் உருண்டையாக, கரும்பழுப்பாக இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆச்சியைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் வெல்லமே இல்லை.

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். திருப்பூரிலிருந்து மூணாறு போய்வர 300 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். வளைவுகளிலேயே ஆள் ஓய்ந்துவிடுவார்கள், பூவைப் பார்க்கும் நேரத்தில் உச்சி வெயிலும் டிராஃபிக்கும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் சனிக்கிழமை மறையூரில் தங்கிவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் மேலே போனோம். மூணாறு டவுனைவிட மறையூரில் அறை வாடகையும் குறைவாக இருந்தது, குளிரும் குறைவு. ஆச்சியின் முழங்காலுக்கு அது பெரிய உதவி.

சித்தப்பாவின் காரை அப்பா ஓட்டினார். வாடகைக் கார் என்றால் கேரள பர்மிட் இருக்கிறதா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். பெட்ரோலை உடுமலைப்பேட்டையிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, ஒரு தூக்குச்சட்டி புளியோதரை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். மலைக்கு பிளாஸ்டிக் கொண்டுபோக வேண்டாம்.

காட்டுக்குள் 'ஸ்டாப்' கிடையாது

உடுமலையைத் தாண்டியதும் தென்னந்தோப்பு, காற்றாலை. அமராவதி அணைக்குப் பிரியும் வழியில் முதலைப் பண்ணை இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பிறகு ஒன்பதாறு செக்போஸ்ட். அங்கே வண்டி எண்ணைப் பதிந்துகொண்டு உள்ளே விடுகிறார்கள். அங்கிருந்து ஆனைமலை புலிகள் காப்பகம், எல்லை தாண்டினால் கேரளத்தின் சின்னாறு வன உயிரினச் சரணாலயம்.

மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் மனசில் வரும் பச்சை இங்கே கிடையாது. சின்னாறு மழை மறைவுப் பகுதி. மார்ச்சில் முள்ளும் காய்ந்த புல்லும் சாம்பல் நிற மரங்களுமாக நிற்கிறது. தம்பி, "பூ டிரிப்னு சொல்லிட்டு வெறகு டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் காய்ந்த காடு முடியும் இடத்தில்தான் தேயிலைப் பச்சை தொடங்குகிறது, அதனால் இதைக் கடந்து போவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. எதிர் மலையில் தூவானம் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரிந்தது.

இந்தக் கோடையில் யானைகள் தண்ணீர் தேடி அமராவதி பக்கம் இறங்கும். வழியில் வண்டியை நிறுத்துவது, இறங்கி செல்ஃபி எடுப்பது, குரங்குக்கு பிஸ்கட் போடுவது எதுவும் கூடாது. அணைக்காத ஒரு சிகரெட் துண்டு போதும், காய்ந்த புல் மொத்தமும் எரிய. இருட்டுவதற்குள் இரண்டு செக்போஸ்ட்களையும் தாண்டிவிடும்படி கிளம்புங்கள். நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. புதுச் சாணத்தை மட்டும் பார்த்தோம். "இப்பதான் போயிருக்கு, ஓட்டுங்க மாப்ள" என்றார் ஆச்சி. அதுவரை தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறையூரில் மத்தியானம் இறங்கினோம். வேலி போட்டுக் காவல் காக்கும் சந்தன மரங்கள், பாறை மேல் கல் பலகைகளால் அடுக்கிய முனியறைகள் என்று பார்க்க நிறைய உண்டு. முனியறை பழங்கால மனிதர்களின் ஈமச் சின்னம். வெயில் இறங்கிய பிறகு ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். நாங்கள் அதைவிட அதிக நேரம் கரும்புச்சாறு காய்ச்சும் கொட்டகையில்தான் இருந்தோம். ஆச்சி அங்கே வேலை பார்த்தவர்களிடம் யார் யாரையோ விசாரித்தார். பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஊதா தொடங்கும் வளைவு

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மறையூரிலிருந்து மூணாறுக்கு 40 கிலோமீட்டர் பக்கம். சந்தனக் காடு முடிந்து சாலை ஏற ஏற, சரிவெல்லாம் தேயிலை. அப்புறம் ஒரு வளைவு. அம்மா, "நிறுத்துங்க" என்றார்.

முதலில் ஒரே ஒரு மரம். இலை ஒன்று கூட இல்லை. பச்சைச் சரிவின் நடுவில் யாரோ ஊதாப் பொடியைத் தூவிவிட்ட மாதிரி நின்றது. அடுத்த வளைவில் நான்கு. அதற்கடுத்து எண்ண முடியவில்லை. வாகுவரை பக்கம் சாலையின் இரண்டு ஓரமும் அதுதான். பின்னால் பாறை மலை, கீழே தேயிலை, மேலே இன்னும் மூட்டம் கலையாத வானம். பூ நீளமான மணி வடிவம். உதிர்ந்து தார் ரோட்டில் கிடப்பதும் வாடாமல் அதே நிறத்தில் இருக்கிறது. போன வருஷத்துக் காய்கள் வட்ட வட்டமாகக் கிளையில் தொங்கின. அம்மா ஒன்றைப் பொறுக்கி, "இதை வச்சுத்தான் தாளம் போடுவோம்" என்று இரண்டைத் தட்டிக் காட்டினார். காய்ந்த மரத்துண்டு சத்தம்.

அம்மா அழுவார் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அழுதால் வீடியோ எடுக்கலாம் என்று போனைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை. ஓரமாக நடந்தார். பூவை மிதிக்காமல், ரோட்டின் விளிம்பில், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து. என் வயதில்கூட அவரை அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. போனை உள்ளே வைத்துவிட்டேன்.

ஆச்சி காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரத்தைப் பார்க்கவில்லை, தேயிலையைத்தான் பார்த்தார். "கொழுந்து முத்தவிட்டுருக்கானுவ" என்றார்.

"ஆச்சி, பூவப் பாருங்க."

"பாத்துருக்கேன் தாயி. கூடைக்குள்ள விழும். நிறுவைக்கு முன்னாடி ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் போடணும். கிலோ கணக்கு முடியுறதுக்குள்ள இது ஒரு சனியன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, "இம்புட்டு உயரமா வளந்துருச்சா?" என்று கேட்டார்.

நான் எழுதிய '5 சாலைகள்' கட்டுரையில் 'தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஊதா சொர்க்கம்' என்று ஒரு வரி இருந்தது. ஆச்சி அதைப் படிக்காததில் எனக்கு இப்போது நிம்மதி.

எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வளைவிலேயே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வழியாகத்தான் எஸ்டேட் ஜீப்பும் பஸ்ஸும் போகின்றன. வண்டியை அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். தேயிலை வரிசைக்குள் இறங்காதீர்கள். அது தனியார் நிலம், மருந்து அடித்திருக்கலாம், அட்டையும் பாம்பும் இருக்கலாம். பூவுக்காகக் கிளையை உலுக்குகிறவர்களையும் பார்த்தேன். கீழேயே அவ்வளவு கிடக்கிறதே! இந்தப் பக்கம் 'படையப்பா' என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்த ஒரு கொம்பன் யானையும் அவ்வப்போது ரோட்டுக்கு வரும். போக்குவரத்து நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

ராஜமலைத் திருப்பம்

மூணாறு நெருங்கும்போது இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை நுழைவாயில் வருகிறது. வரையாடு பார்க்கலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைக்காதீர்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். பூவும் வரையாடும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் முயற்சி செய்யலாம். அப்போது பூ குறைந்திருக்கும். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி இந்தப் பூங்காவில்தான் இருக்கிறது.

அந்தத் திருப்பத்தில் காரில் பேச்சு நின்றது. உள்ளே, ராஜமலைக்கு அந்தப் பக்கம்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த வாரம் முழுக்க அம்மா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தெரிந்த பெயர் வருமோ என்று ஒவ்வொரு பட்டியலையும் படித்தார். வந்தது. ஆச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை.

மூணாறில் டீ குடித்தோம். அங்கிருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் இறங்கலாம்; மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு அதுதான் வசதி. நாங்கள் வந்த வழியே திரும்பினோம், ஏனென்றால் அம்மாவின் தோழி சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். லயத்து வீட்டில், இரண்டு அறைக்குள் ஒன்பது பேர் உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டோம். நாங்கள் இருந்த வீடு அதே வரிசையில் நான்காவது. இப்போது வேறு குடும்பம். அம்மா வாசல் வரை போய், அங்கே விளையாடிய குழந்தையிடம் பெயர் கேட்டுவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை.

மார்ச் தவறினால்?

பரீட்சை இருக்கும் வீடுகளுக்கு வேறு மாதங்களும் உண்டு. ஏப்ரலில் சமவெளிச் சாலைகளிலேயே சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், மே மாதம் மயில்கொன்றை சிவக்கும். அதற்கு மலை ஏற வேண்டியதே இல்லை. மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சி என்றால், கோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியகாந்திதான் வேண்டும் என்கிறவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காத்திருந்தால், தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரமும், பந்திப்பூரைத் தாண்டி கர்நாடகத்தின் குண்டல்பேட்டையும் இருக்கின்றன. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். அங்கெல்லாம் பூ என்பது ஒரு விவசாயியின் பயிர். வரப்பிலேயே நின்று படம் எடுங்கள். வயலுக்குள் போக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு, அவர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் திரும்பிய பத்தாவது நாள் அம்மாவின் தோழி போன் பண்ணினார். முந்தின நாள் சாயந்திரம் நல்ல மழையாம். மேல் மரங்களில்கூட ஒன்றும் இல்லையாம், ரோடு பூராவும் ஊதாவாம். "ஸ்கூல் புள்ளைக எல்லாம் மிதிச்சுக்கிட்டே போகுதுக" என்றாராம்.

அம்மா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே போகலாம். ஆச்சி இப்பவே மாத்திரை டப்பாவை எடுத்து வச்சுட்டாங்க" என்றார். நானும் அடுத்த மார்ச் இரண்டாவது சனிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.